பாலம் கடந்த நாணயத்தின் திரவத்தன்மை

கிரிப்டோ நாணயமொன்றை ஒரு வலையமைப்பில் ஈடாகப் பூட்டி, அதற்கிணையான பதிலி நாணயத்தை மற்றொரு வலையமைப்பில் வெளியிடும் ஏற்பாட்டையே பாலம் என்கிறோம். பதிலி நாணயம் செல்வமன்று. ஈட்டின் மீதான உரிமைச்சீட்டே. ஆகவே, சந்தை விலையைக் கொண்டு மட்டும் அதனை மதிப்பிடுதல் பொருந்தாது.

2022 பெப்ரவரியில் வோம்ஹோல் பாலத்தின் கையொப்பச் சரிபார்ப்புக் குறைபாட்டின் வழியாக, சொலானா வலையமைப்பில் 120,000 பதிலி ஈதர் ஈடின்றி உருவாக்கப்பட்டது. அவற்றுள் 93,750 எதீரியத்தில் உண்மை ஈதராக மீட்கப்பட்டமையால், ஏனையோரின் சீட்டுக்கள் ஈடிழந்தன. மறுநாள் ஜம்ப் கிரிப்டோ நிறுவனம், ஏறத்தாழ 320 மில்லியன் டொலர் பெறுமதியான 120,000 ஈதரை இட்டு நிரப்பியது.

எனவே மூன்று வினாக்களை எழுப்புகிறோம்: ஈடு முழுமையானதா? பெருந்தொகை விற்கப்படின் விலை எவ்வளவு சரியும்? மீட்கும் வாயிலின் திறவுகோல் எவர் கையில் உள்ளது? அன்று சீட்டுடையோரைக் காத்தது சந்தையன்று; தனியார் மூலதனமொன்றின் விருப்பமே.