கோப்புக் காவல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கல்வராயன் மலைமீது விடாது பெய்யுங்கால், கல்படை, பொட்டியம் முதலிய இடங்களினின்று இறங்கும் காட்டாறுகள் பெருக்கெடுத்து, கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையில் வந்து சேரும். 46 அடி கொள்ளும் அவ்வணையில் நீர் எம்மட்டுக்கு ஏறியிருக்கிறது என்பதை அறிய இரண்டு உபாயங்கள் உண்டு. மணிக்கு ஒரு முறை ஒருவர் சென்று அளவுகோலைப் பார்த்து, முன்னர்க் குறித்த அளவோடு ஒப்பிட்டு வருவது ஒன்று. நீர் குறிப்பிட்ட கோட்டைத் தொட்ட க்ஷணத்தில் தானே ஒலிக்கும் மணியொன்றை அங்கே பொருத்திவிட்டு, அது ஒலிக்கும்வரை வேறு காரியங்களைக் கவனித்திருப்பது மற்றொன்று. முதல் உபாயத்தில் பிரயாசை மிகுதி. இரு பார்வைகளுக்கு இடையே நேர்ந்தது தெரியாமற் போவதும் உண்டு. இரண்டாவதில் பிரயாசை குறைவு. ஆனால் மணியை நம்பியிருக்க வேண்டும். தன் கண்காணிப்பிலுள்ள கோப்புகளில் ஏதேனும் மாற்றம் நேர்ந்ததா என்று அறிய விரும்பும் மென்பொருளுக்கும் இவ்விரண்டே வழிகள். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அது வந்து சேர்ந்த வரலாறும், வந்த பிறகும் முதலாவதை முற்றிலும் கைவிட இயலாமற் போனதன் காரணமுமே இக்கட்டுரையின் விஷயம்.

மாற்றத்தை அறியவேண்டிய அவசியம் ஒரு மென்பொருளுக்கு ஏன் நேர்கிறது? அலுவலகக் கணினியில் ஓர் எழுத்தர் கணக்கைத் திருத்திச் சேமித்த சில விநாடிகளில் அதன் பிரதி வேறோர் ஊரிலுள்ள கணினியில் தோன்றுகிறது. புரோகிராம் எழுதுவோர் ஒரு வரியை மாற்றியவுடன் திரையிலுள்ள பக்கம் தானே புதுப்பிக்கப்படுகிறது. பென்டிரைவிலிருந்து ஒரு கோப்பை இறக்கிய மாத்திரத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைச் சோதிக்கிறது. இவை அனைத்தின் பின்னாலும், குறிப்பிட்ட கோப்புறைகளின்மேல் கண் வைத்துக் காத்திருக்கும் ஒரு சிறு காவல் இருக்கிறது. அது செவ்வனே நடக்கும்வரை எவரும் அதை நினைப்பதில்லை.

இதன் நுட்பங்களை வெறுந் தத்துவமாகச் சொல்லிச் செல்வதைவிட, ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது நலம். 2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையாயினும், கல்வி உதவித்தொகையாயினும், சாதிச் சான்றிதழ் இன்றியமையாதது. பழங்குடியினர்க்கான அச்சான்றிதழை வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உரியது. ஆகவே மலைமேல் ஸ்கேன் செய்யப்பெறும் ஆவணம் மலைக்குக் கீழே சென்று சேர வேண்டும். மலையின் பல ஊர்களிலோ கைப்பேசித் தொடர்பு நிலையாக இருப்பதில்லை. மழைக்காலத்தில் மின்சாரமும் அடிக்கடி நின்றுவிடும். இத்தகைய இடத்தில் இயங்கும் ஒரு சேவை மையத்துக்கு, ஸ்கேனர் ஒரு கோப்புறையில் இடும் ஆவணங்களைக் கவனித்திருந்து, தொடர்பு கிடைத்தபோதெல்லாம் ஒன்று விடாமல் கீழே அனுப்பிவைக்கும் மென்பொருள் ஒன்றை நாமே எழுதப் புகுவதாக வைத்துக்கொள்வோம்.

எளிய முறையிலிருந்து தொடங்குவோம். வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அளவு, உரிமையாளர், கடைசியாக மாற்றப்பட்ட நேரம் முதலிய விவரங்களைத் தாங்கிய ஒரு குறிப்பு உண்டு. யூனிக்ஸ் மரபில் அதனை ஐநோட் என்பர். இக்குறிப்பைப் படித்து, முன்பு படித்ததோடு ஒப்பிட்டால், கோப்பு மாறியதா என்பது தெரிந்துவிடும். 1976ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இயற்றிய ‘மேக்’ என்னும் மென்பொருள், மூலக்கோப்பின் நேரத்தையும் அதிலிருந்து பிறந்த கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, பழையதாகிவிட்டதை மட்டும் மீண்டும் உருவாக்கிற்று. நாம் ஏவும்போது மட்டும் பார்க்கும் மேக்குக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. நம் மையத்தின் மென்பொருளோ, எவரும் ஏவாமல் தானே அறிந்துகொள்ள வேண்டியது. ஆதலால் சில விநாடிகளுக்கு ஒரு முறை எல்லாக் கோப்புகளின் குறிப்புகளையும் அது புரட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோப்புறைகளில் 50,000 கோப்புகள் இருந்து, 5 விநாடிக்கு ஒரு முறை பார்ப்பதானால், விநாடிக்குச் சராசரி 10,000 பார்வைகள். அன்று முழுதும் ஒரே ஓர் ஆவணம் வந்தாலும், ஒன்றுமே வராவிடினும், உழைப்பில் குறைவில்லை. பேட்டரியில் ஓடும் மடிக்கணினிக்கு இது பெரும் பாரம். அன்றியும், இரண்டு பார்வைகளுக்கு நடுவே ஒரு கோப்பு தோன்றி அழிந்துபோனால், அப்படி ஒன்று இருந்ததென்பதே நமக்குத் தெரியவராது.

மாற்றம் நேர்வதை எவரையும் கேளாமல் அறிந்திருக்கும் ஒருவர் கணினிக்குள் உண்டு. அவர்தாம் கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கரு. எந்தப் புரோகிராமும் வட்டில் நேரே எழுதுவதில்லை. எழுதுவது, அழிப்பது, பெயர் மாற்றுவது ஆகிய ஒவ்வொன்றும் கெர்னலிடம் விண்ணப்பித்தே நிறைவேற வேண்டியிருக்கிறது. ஆகவே, அக்காரியத்தைச் செய்து முடிக்கும்போதே கெர்னல் ஒரு செய்தியும் அனுப்பிவிட்டால், ஓயாமல் தேடித் திரியும் வேலை ஒழியும். இவ்வெண்ணத்தை லினக்ஸ் முதலில் நிறைவேற்றிய முறை, 2001ஆம் ஆண்டின் 2.4 பதிப்போடு வந்த டீநோட்டிஃபை என்பது. அது குறைபாடு மிகுந்த முறை. ஒரு கோப்புறையைக் கண்காணிக்க அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்ததால், கண்காணிக்கப்படும் கோப்புறை பென்டிரைவில் இருந்தால் அப்பென்டிரைவைப் பிரித்தெடுக்கவே இயலாமற் போயிற்று; கோப்புறைக்குள் ஏதோ மாறியது என்று மட்டும் அது சொல்லுமேயன்றி, எந்தக் கோப்பு என்று சொல்லாது.

இக்குறைகளை நீக்கி, ஜான் மெக்கட்சன், ராபர்ட் லவ் இருவரும் ஆக்கிய ஐநோட்டிஃபை என்னும் வசதி, 2005 ஆகஸ்டில் வெளிவந்த 2.6.13 கெர்னலில் இடம்பெற்றது. கண்காணிக்க வேண்டிய கோப்புறைகளையும், எவ்வகை மாற்றங்களை அறிய விரும்புகிறோம் என்பதையும் முதலில் பதிவு செய்துவிட்டு, புரோகிராம் உறங்கப் போகலாம். மாற்றம் நேரும்போது கெர்னல் அதை எழுப்பி, எந்தக் கண்காணிப்பு, என்ன மாற்றம், எந்தப் பெயர் என்ற விவரங்கள் அடங்கிய சிறு செய்தியொன்றைக் கையில் தரும். உறங்கும் நேரத்தில் செயலிக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. இவ்வளவு அருமையான சாதனம் நம் மலைக்கு எட்டாத ஒன்று என எவரும் எண்ண வேண்டா. 2011 செப்டம்பர் முதல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அரசுப் பள்ளியில் படித்து அதைப் பெற்றுச் சென்ற மாணவரின் கையில் இந்தக் காவலும் அன்றே இருந்தது. அதை எடுத்துக் காட்டுவார் இருந்தால் எத்தனை பேர் பயன்கொண்டிருப்பர் என்று எண்ணும்போது மனம் ஏங்கத்தான் செய்கிறது.

இனி நம் மையத்துக்கு வருவோம். ஸ்கேனர் புதிய ஆவணத்தைக் கோப்புறையில் இடத் தொடங்கிய க்ஷணமே ‘ஒரு கோப்பு உண்டாயிற்று’ என்ற செய்தி வரும். முதன்முதலாக இத்தகைய மென்பொருள் எழுதுவோர் அநேகமாக எல்லாரும் இச்செய்தியைக் கண்டவுடனே கோப்பை எடுத்து அனுப்பிவிடுகின்றனர். அனுப்பப்பட்டதோ வெறுங்கோப்பாக இருக்கும். அல்லது பக்கத்தின் மேற்பாதி மட்டும் இருக்கும். பெற்றோரின் சான்றிதழில் பெயர் இருக்கும், அதிகாரியின் கையொப்பம் இராது. ஏனெனில் ஸ்கேனர் ஒரு பக்கத்தைச் சிறுசிறு துண்டுகளாக எழுதுகிறது. உண்டாயிற்று என்பது தொடக்கத்தைச் சொல்லும் செய்தி. அதன்பின் ‘மாறிற்று’ என்ற செய்தி பலமுறை வரும். அவற்றையெல்லாம் பொறுமையாக விட்டுவிட்டு, ‘எழுதத் திறந்திருந்த கோப்பு மூடப்பட்டது’ என்ற செய்திக்குக் காத்திருப்பதே தக்க முறை. அப்போதும் ஓர் ஐயம் எஞ்சும்: சில புரோகிராம்கள் ஒரே கோப்பை மூடி, மறுபடி திறந்து எழுதும். ஆதலின் கைதேர்ந்தவர்கள் மூடிய செய்தி வந்த பிறகும் சிறிது நேரம் அமைதி நிலவுகிறதா என்று பார்த்த பின்னரே கோப்பைத் தொடுகின்றனர்.

எழுத்தர் ஒருவர் பழைய ஆவணத்தைத் திருத்தும்போது நிகழ்வது இன்னும் விசித்திரம். பல உரைத்தொகுப்பிகள் பழைய கோப்பின்மேல் எழுதுவதே இல்லை. திருத்திய பிரதியைத் தற்காலிகப் பெயரில் புதிதாக எழுதி, முழுதும் எழுதி முடித்த பின், அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றன. நடுவில் மின்சாரம் நின்றாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக எஞ்சும் என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் ஐநோட்டிஃபையின் கண்காணிப்பு பெயரைப் பற்றியதன்று, ஐநோட்டைப் பற்றியது. நாம் அக்கோப்பை மட்டும் குறிவைத்துக் காத்திருந்தால், பழைய ஐநோட்டு அழிந்தவுடன் நம் கண்காணிப்பும் அதனோடு அழிந்துவிடும். அதன்பின் நூறு முறை திருத்தினாலும் நமக்கு ஒரு செய்தியும் வராது. கோப்பைக் கவனிக்க விரும்பினால் அது இருக்கும் கோப்புறையைக் கவனிக்க வேண்டும் என்னும் விதி இதனால் வந்தது. பெயர் மாற்றம் நேரும்போது ‘இங்கிருந்து சென்றது’, ‘இங்கே வந்தது’ என்று இரண்டு செய்திகள் வரும். இரண்டும் ஒரே சம்பவத்தின் இரு பகுதிகள் என்று தெரிவிக்க, இரண்டிலும் ஒரே எண்ணைக் கெர்னல் பொறித்துவைக்கிறது.

ஒரு கோப்புறையைக் கண்காணித்தால் அதற்குள் இருக்கும் உட்கோப்புறைகள் தாமே கண்காணிப்பில் அடங்குவதில்லை. ஒவ்வொன்றையும் தனியே பதிய வேண்டும். ஊருக்கொரு கோப்புறை என்று வகுத்துக்கொண்ட மையத்தில் புதிய ஊருக்கான கோப்புறை பிறந்த செய்தி வந்து, அதை நாம் பதிவு செய்வதற்குள், ஓர் ஆவணம் அதற்குள் விழுந்துவிட்டால் அதைப் பற்றிய செய்தி வரவே வராது. ஆகவே பதிவு செய்தவுடன் உள்ளே ஏதேனும் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். கண்காணிப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. நெடுங்காலம் ஒரு பயனருக்கு 8,192 என்றிருந்த இயல்பு வரம்பு, 2021இல் வந்த 5.11 பதிப்பிலிருந்து கணினியின் நினைவகத்துக்கேற்ப உயர்த்தப்பட்டது. படிக்கப்படாமல் வரிசையில் காத்திருக்கும் செய்திகள் 16,384 என்னும் இயல்பு வரம்பைக் கடந்தால், கெர்னல் மேற்கொண்டு வரும் செய்திகளைக் கைவிட்டு, ‘வரிசை நிரம்பி வழிந்தது’ என்ற ஒரே செய்தியைத் தரும். அது வந்தபின் எவை விடுபட்டன என்று அறிய ஒரு வழியும் இல்லை. எல்லாவற்றையும் பழைய முறையில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கதி.

மலையில் மின்சாரம் நின்றபோது நேர்வதும் இதுவே. ஐநோட்டிஃபைக்கு ஞாபகம் கிடையாது. நம் புரோகிராம் ஓடாதிருந்த பொழுதில் ஒரு பென்டிரைவிலிருந்து பத்து ஆவணங்கள் கோப்புறையில் இறக்கப்பட்டிருந்தால், அது மீண்டும் எழுந்தபோது அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காது. விண்டோஸ் 2000 முதற்கொண்டு என்டிஎஃப்எஸ் வட்டுகளில் மாற்றங்களின் நாட்குறிப்பு ஒன்று வட்டிலேயே எழுதப்பட்டு வருகிறது. 2007இல் ஆப்பிள் கணினிகளில் வந்த எஃப்எஸ்ஈவென்ட்ஸ் என்னும் வசதியும், இன்ன சம்பவத்துக்குப் பின் எந்தக் கோப்புறைகள் மாறின என்று கேட்டால் விடை சொல்ல வல்லது. இவ்வகையில் அவை மேம்பட்டவை என்றே சொல்வேன். லினக்ஸில் எழுதுவோர், புரோகிராம் தொடங்கும்போது ஒரு முறையும், பிறகு நாளுக்குச் சில முறையும், எல்லாக் கோப்புகளையும் புரட்டி ஒப்பிடும் பழைய உபாயத்தைச் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். இதனை வீண் உழைப்பென்று தவிர்த்த மென்பொருள்கள், ஒரு மாணவியின் விண்ணப்பம் எங்கே போயிற்று என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. விண்ணப்பித்தவர் மலையிறங்கி வந்து திரும்பிப் போகிறார். அவருடைய ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டால், செயலியின் சில நிமிஷ உழைப்பு ஒரு பொருட்டே அன்று.

நேரத்தையும் அளவையும் ஒப்பிடுவதும் எப்போதும் போதாது. வஞ்சகமாகக் கோப்பை மாற்றுவோர் நேரத்தையும் பழையபடி திருத்திவைக்கக் கூடும். இதற்காக 1992இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம், யூஜின் ஸ்பாஃபர்ட் இருவரும் ஆக்கிய டிரிப்வயர், ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்பட்ட ஒரு குறியெண்ணைச் சேமித்துவைத்து, பின்னர் மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் குறியெண் வேறாகிவிடும். கீழே அனுப்பிய ஆவணம் பழுதின்றிச் சென்றதா என்பதை உறுதி செய்யவும் நம் மையத்துக்கு இதே முறை உதவும். மாற்றியது எந்தப் புரோகிராம் என்பதை ஐநோட்டிஃபை சொல்வதில்லை. அதை அறிய வேண்டுமானால் பின்னர் வந்த ஃபானோட்டிஃபை என்னும் வசதியை நாட வேண்டும். கோப்பைத் திறக்க அனுமதிக்கலாமா என்று முன்னதாகவே கேட்டுத் தடுக்கும் ஆற்றலும் அதற்குண்டு.

இவற்றைக் கண்ணாற் காண விரும்பும் மாணவர்கள், லினக்ஸ் கணினியில் ஐநோட்டிஃபை-டூல்ஸ் என்னும் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள ஐநோட்டிஃபைவெயிட் கட்டளையைத் தொடர்ந்து கண்காணிக்கும் விருப்பத்தோடு தம் கோப்புறை ஒன்றின்மேல் ஏவிவிட்டு, அதே கோப்புறையிலுள்ள ஒரு கோப்பை ஜீஎடிட்டில் திறந்து ஓர் எழுத்தை மட்டும் மாற்றிச் சேமிக்கட்டும். புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்பு ஒன்று பிறப்பதும், அதில் எழுதப்படுவதும், அது தம் கோப்பின் பெயரை ஏற்பதும் வரிவரியாகத் திரையில் வந்து நிற்கும்.