பூச்சிக் கண்காட்சிக்குச் செல்கிறீர்களா? வாங்கும் முன் அறிய வேண்டியவை

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பூச்சி சேகரிப்பு நெடுங்காலப் பொழுதுபோக்காகும். செக் குடியரசின் பிராக், ஜப்பானின் டோக்கியோ போன்ற நகரங்களில் நடைபெறும் பூச்சிக் கண்காட்சிகளில், பதப்படுத்தப்பட்ட வண்ணத்துப்பூச்சிகள், வண்டுகள், பூச்சியியல் நூல்கள், சேகரிப்புக் கருவிகள் ஆகியவை விற்கப்படுகின்றன.

வாங்க விரும்பும் ஆர்வலர், பூச்சியைக் குத்தியுள்ள ஊசியின் அடியில் இருக்கும் சிறு சீட்டை முதலில் பார்க்க வேண்டும். பிடித்த இடம், நாள், பிடித்தவரின் பெயர் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். இவ்விவரங்கள் இல்லாத பூச்சிக்கு அறிவியல் மதிப்பு மிகக் குறைவு.

அடுத்தது அனுமதி ஆவணம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பினராக உள்ளது. இவ்வுடன்படிக்கை இறந்த பூச்சிகளுக்கும் பொருந்தும். உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான, பப்புவா நியூ கினியைச் சேர்ந்த குயின் அலெக்சாண்ட்ரா பேர்ட்விங், இதன் முதல் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எனவே, காட்டில் பிடிக்கப்பட்ட அப்பூச்சியை நாடு கடந்து விற்க இயலாது. பிற பேர்ட்விங் இனங்களுக்கு ஏற்றுமதி அனுமதி தேவை.

இந்தியாவில் கைசர்-இ-ஹிந்த் உள்ளிட்ட பல வண்ணத்துப்பூச்சிகளை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் (1972) காக்கிறது. மேற்கு வங்கத்தின் சிங்கலிலா தேசியப் பூங்காப் பகுதியில் அனுமதியின்றிப் பூச்சிகளைச் சேகரித்த வழக்கில், செக் நாட்டவர் இருவரைக் குற்றவாளிகள் என டார்ஜிலிங் நீதிமன்றம் 2008-இல் அறிவித்தது.

ஆகவே, சீட்டும் உரிய அனுமதியும் இல்லாத பூச்சி எத்துணை அழகுடையதாயினும் அதனை வாங்காதிருப்பதே நன்று.