கடலடியில் ஓர் இரும்பு வீடு

ஆனையிறவால் பேரூந்தில் போய்வருகிறவர்களுக்கு வீதியோரத்தில் நிற்கும் அந்தப் புல்டோசரைத் தெரியும். 1991 ஆம் ஆண்டுச் சண்டையில் சிதைந்தது. இன்று அது காட்சிப்பொருள். 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டிய ஜோர்தான் நாட்டுக் கப்பல் பாரா-3 உம் இப்படித்தான். பல காலம் வேடிக்கைப் பொருளாகக் கிடந்து, பிறகு பழைய இரும்பாக வெட்டப்பட்டது. கரையில் நிற்கும் இரும்புக்கு இதைவிட வேறு கதி இல்லை. அதே இரும்பைக் கடலுக்கடியில் தாழ்த்தினால் அது மீன்களுக்கு வீடாகிவிடும்.

2021 ஜூனில் நெடுந்தீவுக் கடலில் இதைச் செய்து பார்த்தார்கள். ஓடித் தேய்ந்த இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேரூந்துகளைக் கடற்படைக் கப்பலில் ஏற்றிச் சென்று கடலில் இறக்கினார்கள். மீன்வளத்தைப் பெருக்குவதற்கென்று சொல்லப்பட்டது. சேறும் மணலுமான கடல் தரையில் பாசிக்கும் சிப்பிக்கும் பற்றிக்கொள்ள இடமில்லை. கெட்டியான பொருளொன்று கிடைத்தால் முதலில் பாசி படரும், பின்னர் சிப்பியும் கடற்பஞ்சும் முருகையும் ஒட்டும். அவற்றைத் தேடிச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தேடிக் கலவாயும் பாரையும் வரும். கற்பாரில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. மரக்கிளைகளைக் கட்டித் தாழ்த்திக் கணவாய் பிடிக்கிறவர்களுக்கு இது புதிய பாடமல்ல. (அதற்காகக் கரையோரக் காட்டை வெட்டுவது வேறு கேடு.)

இராமேஸ்வரம் மீனவர்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வலை கிழியும் என்பது அவர்கள் பயம். பயம் பொய்யல்ல. கடலடியை வழித்து அள்ளும் இழுவைமடிக்கு இரும்புக்கூடு எமன்தான். அந்தத் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. இரவில் வரும் இழுவைப்படகு எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும்போது அடுத்த நாள் அடுப்பெரியாத வீடுகள் எத்தனை! ஆனாலும் இரும்புக்கு எங்கள் வலை, அவர்கள் வலை என்ற பேதம் தெரியாது. எந்த இடத்தில், எத்தனை பாக ஆழத்தில் இறக்குகிறார்கள் என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்களோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தப் பேச்சில், கரையில் மீன் தெரிக்கும், கருவாடு போடும் பெண்களுக்கும் இடம் வேண்டும்.

எதையும் அப்படியே தூக்கிப் போடவும் கூடாது. எண்ணெய், வயர், இருக்கை, ரயர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிய பிறகே இறக்க வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் 1970 களில் இலட்சக்கணக்கான பழைய ரயர்களைக் கட்டிக் கடலில் போட்டார்கள். கட்டு அறுந்து, ரயர்கள் உருண்டு, பக்கத்திலிருந்த இயற்கை முருகைப்பாரையே நொறுக்கின. பின்னர் சுழியோடிகளை இறக்கி அவற்றை அள்ள வேண்டி வந்தது. 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியதையும் மறக்க முடியாது. கடலில் மூழ்கிய கப்பலெல்லாம் பார் ஆகிவிடாது.

நல்ல பார் எப்படியிருக்கும் என்பதைக் கிழக்குக் கடலில் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது. அது பாசிக்குடாப் பக்கமாக ஏறத்தாழ 25 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. வெளிநாட்டவர் சிலிண்டர் கட்டி இறங்கி, இரும்புத் தகடுகளுக்கிடையே திரியும் மீன்கூட்டத்தைப் பார்த்து வருகிறார்கள். ஹேர்மீஸ் 50 மீற்றருக்கும் கீழே. அது விசேட பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். அங்கு போகிறவர்கள் அது கல்லறையும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அப்படி இறங்குகிற உல்லாசப் பயணிக்குப் பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு, கூடவே வழிகாட்டியும் உண்டு. எங்கள் பக்கத்தில் சங்குக்கும் கடலட்டைக்கும் அதே சிலிண்டரைக் கட்டி இறங்குகிறவர்களில் பலருக்கு இவை ஒன்றும் இல்லை. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் அழுத்தத்தால் இரத்தத்திலும் உடலிலும் கரைகிறது. மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறும். அவசரமாக ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடலுக்குள் குமிழி கிளம்பும். அது முள்ளந்தண்டைத் தாக்கினால் இடுப்புக்குக் கீழே விழுந்துவிடும். நிமிடத்துக்குப் பத்து மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது, ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது தரித்து வர வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தரும் விதி. ஒரே நாளில் நாலைந்து சிலிண்டர் முடிக்கிறவருக்கு இதுவும் போதாது. நாளை எங்கள் கடலிலும் செயற்கைப் பார் வந்து பார்க்க ஆட்கள் வந்தால், வழிகாட்டியாக இறங்கத் தகுந்தவர்கள் இவர்கள்தான். பயிற்சியை முதலில் இவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

சகோதரிகளே, கடலால் வந்தவர் மூட்டு நோகுது, கால் விறைக்குது, சலம் போகுதில்லை என்றால் எண்ணெய் பூசிப் படுக்க வைக்காதீர்கள். மறுபடி கடலில் இறக்கி எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவர் சுழியோடியவர், இத்தனை பாகம் இறங்கினார், இத்தனை மணிக்கு ஏறினார் என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒட்சிசன் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அழுத்த அறைச் சிகிச்சைக்கு எவ்வளவு விரைவாக அனுப்புகிறார்களோ, அவர் எழுந்து நடக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.