கெம்பஸில் பெரட்டு இல்லை

தோட்டத்துப் பிள்ளை ஒன்று பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டால் லயமே சந்தோஷப்படுகிறது. கடன் பட்டாவது பெட்டி, பெட்ஷீட் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம். போன இடத்தில் நாள் எப்படி ஓடுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உயர்தரத்தில் நன்றாகச் செய்த பிள்ளையும் முதல் வருடத்தில் பாடம் கோட்டை விடுவது உண்டு. மூளை இல்லாமல் இல்லை. நேரம் கையை விட்டுப் போய்விடுகிறது.

இங்கே காலையில் பெரட்டு, பிறகு மலை, கொழுந்து நிறுவை என்று நாளைப் பிரித்துத் தர ஆள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். கெம்பஸில் கங்காணியும் இல்லை, மணியும் இல்லை. சில நாளில் மூன்று நான்கு மணித்தியாலம்தான் விரிவுரை. மிச்ச நேரம் சும்மாதானே என்று பிள்ளை நினைக்கும். ஆனால் நம் நாட்டுப் பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. அதில் விரிவுரை ஏறக்குறைய 15 மணித்தியாலம். மற்ற 35ஐயும் பிள்ளை தானாக உட்கார்ந்து படிக்க வேண்டும். வருடத்துக்கு 30 கிரெடிட் என்றால் கணக்குப் பாருங்கள். மருத்துவம், பொறியியல் போன்றவை ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு இன்னும் நேரம் பிடிக்கும்.

இதைக் கடைசி வாரத்தில் ராத்திரி முழுக்க விழித்து முடிக்க ஏலாது. படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். ஏழு எட்டு மணித்தியாலம் தூங்க வேண்டும். ராத்திரித் தேத்தண்ணியும், நம்ம மலைக் கொழுந்தே ஆனாலும், தூக்கத்தைக் கெடுக்கும்.

பெற்றோர் செய்யும் வேலையும் இருக்கிறது. பல பாடங்களுக்கு நூற்றுக்கு 80 வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வாரம் ஒரு விரிவுரை, மொத்தம் 15 வாரம் என்றால், 12க்குப் போயே ஆகவேண்டும். திருவிழா, சடங்கு, காதுகுத்து என்று மூன்று தடவை கூப்பிட்டாலே கணக்கு முடிந்தது! பாட்டிக்குச் சுகமில்லை என்றால் கூப்பிடத்தான் வேண்டும், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகாபொலப் பணத்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் குடும்பங்களையும் நாங்கள் பார்க்கிறோம். வீட்டுக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அது பிள்ளையின் சாப்பாட்டுக் காசு. அதை அனுப்பிவிட்டு, பிள்ளை காலைச் சாப்பாட்டை விடுகிறது, இல்லாவிட்டால் பின்னேரம் டியூசன் கொடுக்க ஓடுகிறது. படிக்க வேண்டிய அந்த 35 மணித்தியாலம் அங்கேதான் கரைகிறது.

அடுத்த முறை பிள்ளை வீட்டுக்கு வரும்போது நேர அட்டவணையையும் பரீட்சைத் திகதிகளையும் எழுதி வாங்கிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அக்காவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் போகுமுன் அதை ஒரு தடவை பாருங்கள்.