எண்ணெய் விலையும் நமது அடுப்படியும்

சகோதரிகளே, உலக சந்தையில் மசகு எண்ணெய் விலை ஏறியது, இறங்கியது என்று வானொலியில் சொல்லும்போது நம்மில் பலர் காது கொடுப்பதில்லை. ஆண்கள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தச் செய்தி சில வாரங்களில் நமது சந்தைக் கூடைக்குள் வந்துவிடுகிறது.

இலங்கை தன் தேவைக்கு எண்ணெய் எடுப்பதில்லை. சப்புகஸ்கந்தவில் சுத்திகரிக்கப்படும் எண்ணெயும் கப்பலில் வருவதுதான். அதற்கு டொலரில் பணம் கட்ட வேண்டும். உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கூடவில்லை, சமையல் எரிவாயுவின் விலை மட்டும் இரட்டிப்பாகிறது. எதைக் குறைப்பீர்கள்? தையல் மெஷின் வாங்குவதற்காகக் கட்டி வந்த சீட்டைத்தானே முதலில் நிறுத்துவீர்கள்? நாடும் அதையே செய்கிறது. இயந்திரமும் உரமும் மூலப்பொருளும் வாங்க இருந்த டொலர் எண்ணெய்க்குப் போகிறது. உற்பத்தி குறைகிறது, வேலை குறைகிறது. பொருளாதார வளர்ச்சி வீழ்ந்தது என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டின் கையில் டொலர் ஏற்கனவே வற்றியிருந்தது. அதற்கு எண்ணெயை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அந்த நேரத்தில் உக்ரேன் போர் மூண்டு, மார்ச் மாதத்தில் ஒரு பீப்பாய் 130 டொலரையும் தாண்டியது. அம்மாத இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு. ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடன் வாங்கித் தொழில் செய்தவர்களுக்கு அது பேரிடி. ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கரையோரத்துச் சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. படகு கடலுக்குப் போகாவிட்டால் மீனவன் வீட்டில் வருமானமில்லை, நம் வீட்டில் மீனில்லை. பல்லாண்டுகள் விலையை அடக்கி வைத்திருந்து ஒரே நாளில் நான்கு மடங்காக்கியதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது என்பதே என் எண்ணம். படிப்படியாக ஏற்றியிருந்தால் ஏழைக் குடும்பம் மூச்சு விட்டிருக்கும்.

அப்படியானால் எண்ணெய் விலை இறங்கினால் நமக்குக் கொண்டாட்டமா? இங்கேதான் நமது நாட்டின் விசித்திரம் இருக்கிறது.

1973இல் அரபு இஸ்ரேல் போரையடுத்து, ஏறத்தாழ 3 டொலராக இருந்த பீப்பாய் சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. நமக்கு அது பெரும் சுமை. ஆனால் வளைகுடா நாடுகளில் குவிந்த அதே பணம்தான் பின்னர் நம் ஊர்களிலிருந்து ஆண்களையும் பணிப்பெண்களையும் அங்கே அழைத்தது. நம்மில் எத்தனை வீடுகளின் கல்லும் ஓடும் சவூதியிலும் குவைத்திலும் உழைத்த பணம்! எண்ணெய் விலையால் ஒரு கையில் இழந்ததில் ஒரு பகுதியை மறு கையில் பெற்றுக்கொண்டோம்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது இரண்டு கையிலும் அடி விழுந்தது. எண்ணெய் விலை ஏறியது. குவைத்தில் உழைத்தவர்களோ உடுத்த உடையோடு திரும்பினார்கள். ஐ.நா. தடையால் ஈராக்கின் தேயிலைச் சந்தையும் மூடப்பட்டது.

2015 ஜனவரியில் இதற்கு மறுபக்கம். உலக விலை சரிந்திருந்ததால் இங்கு ஒரு லீற்றர் பெற்றோல் 150 ரூபாவிலிருந்து 117 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் நமது தேயிலையை விரும்பி வாங்கும் ரஷ்யாவும் மத்திய கிழக்கும் எண்ணெய் வருமானம் குறைந்து கையைச் சுருக்கின. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களுக்குக் கொழுந்தின் விலை வீழ்ந்தது.

தேயிலையும் எண்ணெயும் எவ்வளவு பின்னிப்பிணைந்தவை என்பதற்கு இன்னொரு செய்தி. ஈரானிடம் முன்னர் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை 251 மில்லியன் டொலர் கடன்பட்டிருந்தது. அதை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகவே கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. மாதந்தோறும் தவறாமல் அனுப்பினாலும் அந்தக் கடன் தீர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும்.