பழைய டீசல் கார் வாங்கலாமா?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் கோட்டக்குப்பம் வந்துவிடுகிறது. புதுவை முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. கிழக்கே கடல். தெற்கே இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் கடைத்தெருவும் அரசு அலுவலகங்களும் அடங்கிவிடுகின்றன. இத்தகைய ஊரில் குடியிருக்கும் ஒருவர் பழைய டீசல் கார் வாங்க எண்ணினால், விலையை விசாரிக்கும் முன்னரே ஆண்டொன்றுக்குத் தாம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

டீசல் சிக்கனமானது என்று நம் மக்கள் நம்புவதில் தவறில்லை. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின், அக்காலத்து நீராவி எஞ்சின்களைவிட மிகக் குறைந்த எரிபொருளில் வேலை செய்தது. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினிலோ காற்றை மட்டும் பதினாறு, பதினெட்டு மடங்கு இறுக்குகிறார்கள். அந்த இறுக்கத்தால் காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் காய்ந்துவிடுகிறது. அதில் எண்ணெயைத் தூவியவுடன் அது தானே பற்றிக்கொள்கிறது. இறுக்கம் மிகுதியாதலின் வெப்பத்தில் கூடுதலான பங்கு உழைப்பாக மாறுகிறது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றலும் ஒரு லிட்டர் பெட்ரோலினதைவிடச் சற்று அதிகம். ஆனால் அவ்வளவு இறுக்கத்தைத் தாங்க எஞ்சின் கனமாயும், எண்ணெய் தூவும் இன்ஜெக்டர்கள் நுண்ணியனவாயும் இருக்க வேண்டும். இந்தச் செலவுதான் பழைய காரில் நம் தலையில் வந்து விழுகிறது.

இன்னொன்றும் அறிய வேண்டும். 2010 ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை அரசு நீக்கிற்று. டீசலுக்கோ 2014 அக்டோபர் வரை கட்டுப்பாடு நீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டின் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. மக்கள் டீசல் கார்களை விரும்பி வாங்கினர். பின்னர் இடைவெளி சுருங்கிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் கடுமையான புகை விதி வந்தபோது, மாருதி சுசுகி முதலிய நிறுவனங்கள் டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டன. ஆகவே இன்று பழைய சந்தையில் நாம் காணும் சிறிய டீசல் கார்களிற் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவை. சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு தகுதிச் சான்று பெற்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2013-இல் பதிவான காரை மலிவாக வாங்குகிறவர், 2028-ஐயும் சேர்த்தே வாங்குகிறார்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் கோரிமேட்டு ஜிப்மருக்கு அழைத்துச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துவர வேண்டும். ஓய்வுக்காலப் பணத்தில் மூன்று இலட்சம் ஒதுக்கி, ‘டீசல் வண்டிதான் கட்டும்’ என்று முடிவு செய்திருந்தார். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கணக்கின் எளிமைக்காக டீசல் லிட்டர் 90 ரூபாய், பெட்ரோல் 99 ரூபாய் என்றும், டீசல் கார் 20 கிலோமீட்டரும் பெட்ரோல் கார் 15 கிலோமீட்டரும் தரும் என்றும் வைத்துக்கொண்டோம். கிலோமீட்டருக்கு முன்னதற்கு 4 ரூபாய் 50 காசு, பின்னதற்கு 6 ரூபாய் 60 காசு. மிச்சம் 2 ரூபாய் 10 காசு. கடைக்கும் மருத்துவமனைக்குமாக அவர் ஆண்டில் 3,000 கிலோமீட்டர் ஓட்டுவார். மிச்சமாவது 6,300 ரூபாய். இன்ஜெக்டர்களோ, டர்போ என்னும் காற்றழுத்தியோ ஒருமுறை பழுதானால் பல ஆண்டு மிச்சத்தை அது விழுங்கிவிடும். அதனினும் பெரிது, சிகிச்சை நாளில் வண்டி கிளம்பாது நின்றுவிட்டால் அந்த அம்மையார் என்ன ஆவார் என்பது. ஆசிரியர் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார்.

மாதம் இருமுறை சென்னைக்குச் சென்று திரும்புகிறவரின் கணக்கு வேறு. போகவர ஏறத்தாழ 300 கிலோமீட்டர்; ஆண்டில் 7,200. உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்தால் மிச்சம் 21,000 ரூபாயைத் தாண்டும். அவருக்கு நல்ல டீசல் வண்டி ஏற்றதே. நெடுந்தூர ஓட்டம் அந்த எஞ்சினுக்கும் உகந்தது. மணிக்கூண்டுக்கும் கடைத்தெருவுக்குமாகச் சூடேறுமுன் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உள்ளே கரி படியும். பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நீண்ட ஓட்டத்தின் வெப்பத்தில்தான் அது தன்னைத்தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும்.

வண்டியைப் பார்க்கக் காலையில் செல்லுங்கள். நீங்கள் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாமென்று சொல்லி வையுங்கள். சென்றதும் முன்மூடியின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க விற்பவர் முன்னதாகவே கிளப்பி வைத்திருக்கிறார் என்று ஐயுறலாம். நீலப்புகை விடாது வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை மிகுந்தால் எண்ணெய் அதிகம் பாய்கிறது அல்லது காற்றுப் போதவில்லை. பிறகு குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சோலை நகர்ப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியின் மேலே வண்ணம் மின்னும். அடியில் உப்பு தின்றிருக்கும். புதிதாகக் கருஞ்சாயம் பூசியிருந்தால் ஒரு திருப்புளியால் தட்டிப் பார்ப்பதில் நாணம் வேண்டா.

வெள்ளத்தையும் மறத்தலாகாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. நீரில் ஓட்டப்பட்ட டீசல் எஞ்சின் காற்றோடு நீரையும் உறிஞ்சினால், நீர் இறுக்கத்துக்கு இணங்காதாகையால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். இருக்கைப் பட்டையை முழுதும் இழுத்துப் பாருங்கள். அதன் அடிநுனியில் சேற்றுக்கோடு இருந்தால் அந்த வண்டி வேண்டா.

புதுவைப் பதிவெண் கண்டு மயங்கவும் வேண்டா. இங்கு வரி குறைவு என்பதால் வெளியூரார் பலர் இங்கே பதிவு செய்வதுண்டு. போலி முகவரி கொடுத்து விலையுயர்ந்த கார்களைப் பதிந்ததாகக் கேரளத்தில் 2017-இல் வழக்குகளே எழுந்தன. பதிவுச் சான்றிலுள்ள முகவரிக்கு நேரில் ஒருமுறை சென்று வாருங்கள். கடன் தீர்ந்ததற்கு வங்கியின் சான்றும், சான்றிலிருந்து அக்கடன் நீக்கப்பட்டதும் தெளிவாக வேண்டும். வாங்குபவர் கோட்டக்குப்பத்துக்காரராயின் அவருக்கு அது வேற்று மாநில வண்டி. புதுவை அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்று, தமிழ்நாட்டு வரியும் செலுத்தி மாற்ற வேண்டும். புதுவைக்குள்ளேயே கைமாறினால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டுமென்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். காப்புறுதியைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கு 14 நாளே உண்டு. விற்றவர் விபத்தின்றி ஓட்டியதற்காகப் பெற்ற சலுகை அவரோடு போய்விடும், வாங்கியவருக்கு வாராது.