சொந்த வழங்கியில் எஸ்எஃப்டிபி அமைத்தல்

எஸ்எஃப்டிபி என்பது ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கோப்புகளை மறையாக்கம் செய்து அனுப்ப உதவும் நெறிமுறை ஆகும். இணையதளத்தைச் சொந்த வழங்கியில் நடத்துவோர், பக்கங்களையும் படங்களையும் பதிவேற்ற இதனைப் பயன்படுத்துகின்றனர். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இது பழைய எஃப்டிபியின் மறுவடிவம் அன்று. எஸ்எஸ்எச் இணைப்பின் வழியே இயங்கும் தனி நெறிமுறை ஆகும்.

வரலாறு

எஃப்டிபியின் முதல் வரைவை அபய் பூஷண் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்டார். எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே செல்வதால், இடையில் ஒட்டுக்கேட்பவர் அதைப் படித்துத் தளத்தையே மாற்றிவிட முடியும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனென் 1995 இல் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என இருந்ததால், இடையிலிருந்த 22 ஆம் எண் போர்ட்டை அவர் கேட்டுப் பெற்றார். இன்று லினக்சு வழங்கிகளில் பெரிதும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் 1999 இல் வெளியானது. எஸ்எஃப்டிபி வசதி அதனுள்ளேயே உள்ளது.

அமைக்கும் முறை

1. பதிவேற்றத்திற்கெனத் தனிப் பயனர் கணக்கு உருவாக்க வேண்டும். ரூட் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது.
2. அப்பயனர் ஓர் அடைவுக்கு வெளியே செல்ல முடியாதவாறும், கட்டளைகள் இயக்க முடியாதவாறும் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் வரையறுக்க வேண்டும்.
3. அந்த அடைவும் அதற்கு மேலுள்ள அடைவுகளும் ரூட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும். பிறருக்கு அவற்றில் எழுதும் உரிமை இருந்தால் இணைப்பு உடனே துண்டிக்கப்படும். பதிவேற்றத்திற்கு அதனுள்ளே வேறோர் அடைவைப் பயனருக்குத் தர வேண்டும்.
4. பயனரின் கணினியில் திறவுகோல் இணை ஒன்றை உருவாக்க வேண்டும். பொதுத் திறவுகோல் மட்டுமே வழங்கிக்குச் செல்லும்; தனித் திறவுகோல் எவருக்கும் தரப்படுவதில்லை.
5. திறவுகோல் கொண்டு நுழைய முடிகிறதா எனப் பார்த்த பின்னரே, கடவுச்சொல் வழி நுழைவை நிறுத்த வேண்டும்.
6. எஃப்டிபி சேவை இயங்கினால் அதை நிறுத்தி, தீச்சுவரில் 21 ஆம் போர்ட்டை மூட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஐந்தாம் படியை முன்னரே செய்தால், வழங்கியின் உரிமையாளரே உள்ளே நுழைய முடியாமல் போகலாம். ஆகவே மாற்றங்களைச் செய்யும்போது ஏற்கெனவே திறந்துள்ள இணைப்பை மூடாமல் வைத்து, புதிய சாளரத்தில் சோதிப்பது நல்லது.

முதன்முறை இணையும்போது, வழங்கியின் கைரேகை எனப்படும் எழுத்துத் தொடர் திரையில் தோன்றும். வழங்கியில் நேரடியாகக் குறித்துக்கொண்ட தொடருடன் அதை ஒப்பிடாமல் ஒப்புதல் அளித்தால், வேறொரு கணினி வழங்கிபோல் நடித்தாலும் தெரியாது. மறையாக்கம் வழியைப் பாதுகாக்குமே தவிர, மறுமுனையில் இருப்பது யார் என்பதை இந்த ஒப்பீடே உறுதி செய்கிறது.

மடிக்கணினி தொலைந்தாலோ, பணியாற்றியவர் விலகினாலோ, அவருக்குரிய பொதுத் திறவுகோலை வழங்கியிலிருந்து நீக்கினால் போதும். ஒவ்வொருவருக்கும் தனித் திறவுகோல் இருந்தால், மற்றவர் பணி தடைபடாது.